வாசல்படிப் பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர்

வாசல்படி, கிணற்றடியில் படரும் பாசியைச் சுரண்டுவதோடு விடாதீர்கள். ப்ளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். சுரண்டினால் மேல்பாசிதான் போகும். சிமெண்ட் துளைக்குள் ஒட்டியிருப்பது, தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை, புளியரைப் பக்கத்துச் சாரலுக்கு மறுபடி தழைத்துவிடும். பவுடரில் உள்ள குளோரின் அதையும் கொன்றுவிடும். தேய்ந்த ரப்பர் செருப்போடு வரும் பெரியவர்களுக்கு அந்த மெல்லிய பச்சைப் படலமே போதும், இடுப்பெலும்பு முறிய.

சாரல் விழும்போது செய்தால் பவுடர்தான் வீண், மழை விட்டதும் செய்யுங்கள். காவித் தரைக்கு இது வேண்டாம், மெருகு மங்கலாம். அங்கே ஈரத்தைத் துடைத்தாலே சரி. ஆசிட்டோடு மட்டும் கலக்கவே கூடாது, நச்சுப்புகை கிளம்பும். அப்புறம், படி காயும்வரை பெரியவர்களைப் பின்வாசல் வழியாக வரச் சொல்லுங்கள்.