கைவேகம் தீண்டாத சுவிட்ச்: சுழல் சுவிட்சின் விசை அமைப்பை வடிவமைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் சிறு பட்டறைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பழைய ரப்பர் பால் கொட்டகையிலிருந்து சுழல் சுவிட்ச் ஒன்று வந்தது. பீங்கான் அடித்தட்டு, பித்தளை மூடி, இரு விரல்களால் பிடித்துத் திருப்பும் தட்டையான குமிழ். மூடியைக் கழற்றியபோது உள்ளே இரண்டு பல்லி முட்டை ஓடுகள் இருந்தன. தொடுமுனையைத் தாங்கும் பித்தளைத் தகடு ஒன்று குறுக்கே வெடித்திருந்தது. ஆனாலும் விசை, அதாவது ஸ்பிரிங்கால் பாயும் அமைப்பு, மட்டும் உயிரோடுதான் இருந்தது. குமிழைத் திருப்பினால் முதலில் எதுவும் அசைவதில்லை. விரலில் இறுக்கம் ஏறிக்கொண்டே போகிறது. கால் சுற்று முடியும் தறுவாயில் 'டக்' என்ற ஓசையோடு உள்ளிருக்கும் தட்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அடுத்த நிலையில் நிற்கிறது. என்னிடம் தொழில் கற்கும் பையன் அதை எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நான் எவ்வளவு மெதுவாத் திருப்புனாலும் அது அதோட வேகத்துலதான் போகுது" என்றான். அவன் சொன்ன அந்த ஒன்றைச் சாதிப்பதற்காகத்தான் இந்தச் சுவிட்சின் எல்லா உறுப்புகளும் இருக்கின்றன.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே விவரிக்கும் மாதிரியைக் கற்பதற்காக, 12 வோல்ட் பேட்டரியில் மட்டுமே இயக்க வேண்டும். வீட்டிலோ தோட்டத்திலோ 230 வோல்ட் இணைப்பில் பொருத்துவது சிரிம் (மலேசியத் தரச் சான்று நிறுவனம்) முத்திரை பெற்ற சுவிட்சாகவும், அதைப் பொருத்துபவர் உரிமம் பெற்ற வயர்மேனாகவும் இருக்க வேண்டும்.

ஏன் பாய வேண்டும்

மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகளைப் பிரிக்கும்போது, கடைசியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளி உருகி ஆவியாகி, அந்த ஆவியின் வழியே மின்வில் எரியத் தொடங்குகிறது. வெள்ளி முனைகளுக்கிடையே ஏறத்தாழ 12 வோல்ட்டும் அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவான மின்னோட்டமும் இருந்தாலே வில் நிலைக்க முடியும். நம் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை சுழியை (பூச்சியத்தை) தொடுவதால் வில்லும் அப்போது அணைகிறது; ஆனால் அந்த நேரத்திற்குள் முனைகள் போதிய தூரம் விலகியிராவிட்டால் அடுத்த அரைச்சுற்றில் அது மீண்டும் பற்றிக்கொள்ளும். கால் சுற்றை அரை நொடியில் திருப்பும் கை, 15 மி.மீ. ஆரத்தில் இருக்கும் முனையை நொடிக்கு 47 மி.மீ. வேகத்தில்தான் நகர்த்துகிறது. 3 மி.மீ. இடைவெளி உண்டாக 64 மில்லிநொடி ஆகும். அதற்குள் ஆறு அரைச்சுற்றுகள் கடந்துவிடும். அத்தனை நேரமும் முனை வெந்துகொண்டிருக்கும். நேர்மின்னோட்டத்தில் சுழியே வராததால் நிலைமை இன்னும் மோசம். சூரியத் தகடுகளுக்கான துண்டிப்பான்களில் விசை அமைப்பு இன்றும் இன்றியமையாததாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884-இல் விரைவுத் துண்டிப்புச் சுவிட்சை உருவாக்கியபோது தீர்த்தது இந்தச் சிக்கலைத்தான். கை, ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும். முனையை ஸ்பிரிங்தான் நகர்த்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே, நேரம் வரும்வரை விடாத ஒரு கொண்டி இருக்க வேண்டும்.

உறுப்புகள் ஒன்றையொன்று எப்படிப் பிடிக்கின்றன

குமிழோடு இணைந்த தண்டு நடுவில் நிற்கிறது. அதைச் சுற்றித் தளர்வாகச் சுழலும் பேக்கலைட் தட்டைச் சுழலி என்கிறேன். ஸ்பிரிங்கின் ஒரு முனை தண்டிலும் மறுமுனை சுழலியிலும் மாட்டப்பட்டிருக்கும். அடித்தட்டில் 90 பாகைக்கு ஒன்றாக நான்கு பற்கள் கொண்ட எஃகு வளையம் பதிக்கப்பட்டிருக்கும். சுழலியின் விளிம்பில் உள்ளும் வெளியும் சறுக்கும் கொண்டி ஒன்று, சிறு இலை ஸ்பிரிங்கின் தள்ளுதலால் வெளியே நீண்டு, எதிரிலுள்ள பல்லில் முட்டி நிற்கும். தண்டில் இருக்கும் கேம் (ஒருபுறம் புடைத்த தட்டு), சுழலியைவிடத் தண்டு 75 பாகை முந்தும்போது கொண்டியை உள்ளே இழுக்கத் தொடங்கி, 90 பாகையில் பல்லை விட்டு முழுவதும் விலக்க வேண்டும். விலகிய நொடியில் சுழலி பாய்கிறது. அது பாயப் பாயத் தண்டுக்கும் அதற்குமான கோணம் குறைவதால் கேமின் பிடி தளர்ந்து, கொண்டி பல்லின் உச்சியை உரசிக் கடந்து மறுபடி வெளியே நீண்டு, அடுத்த பல்லில் வந்து முட்டுகிறது.

சுழலியின் குறுக்கே ஒரு செம்புப் பட்டை. அடித்தட்டில் நேரெதிரே இரண்டு நிலைத் தொடுமுனைகள். பட்டை அவற்றோடு நேராக நின்றால் சுவிட்ச் மூடியிருக்கும். குறுக்காக நின்றால் திறந்திருக்கும். ஒரே பாய்ச்சலில் இரண்டு இடங்களில் துண்டிப்பதால் வில்லும் இரண்டாகப் பிரிந்துகொள்கிறது. முழுவதும் திறந்த நிலையில் பட்டையின் ஒவ்வொரு முனையும் 21 மி.மீ. தள்ளி நிற்கும். தண்டு உலோகமானால் பட்டைக்கும் அதற்கும் நடுவே நைலான் உறை (புஷ்) கட்டாயம் வேண்டும்.

நான் முதலில் செய்த மாதிரியில் ஒரு பிழை இருந்தது. பையன் குமிழைத் தவறுதலாக எதிர்த்திசையில் திருப்பியபோது, சுழலியும் கூடவே பின்னால் மெதுவாக நகர்ந்து, முனைகள் கையின் வேகத்திலேயே பிரிந்தன. விசை இருந்தும் இல்லாததுபோல் ஆயிற்று. அதன்பின் அடித்தட்டில் ஓர் எஃகு இலையைப் பொருத்தி, சுழலி ஒவ்வொரு நிலைக்கும் வந்து சேரும்போது அதன் விளிம்பிலுள்ள வெட்டில் அந்த இலை விழும்படி செய்தேன். இப்போது சுழலி பின்வாங்க முடியாது. பல்லில் மோதித் துள்ளுவதும் இதனால் அடங்கியது. இந்த இலையைத் தேவையற்றதென்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, கட்டாயத் தள்ளல். முனைகள் சற்றே உருகி ஒட்டிக்கொண்டால், கொண்டி விலகியும் சுழலி நகராது. தண்டு 97 பாகையைத் தொடும்போது அதிலுள்ள ஒரு முட்டு சுழலியின் படியில் நேரடியாக இடித்துத் தள்ளும்படி அமைத்தால், ஒட்டிய முனையைக் கையின் பலம் பிய்த்துவிடும். சாதாரண வேளைகளில் இந்த முட்டு தொடாமலே இருக்கும்.

ஸ்பிரிங்கைக் கணக்கிடுதல்

இதில் அவசரப்படக் கூடாது. முறுக்கு ஸ்பிரிங்கின் விறைப்பைக் காண, எஃகின் மீள்தன்மை எண்ணை (ஒரு சதுர மி.மீ.க்குச் சுமார் 200,000 நியூட்டன்) கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கால் பெருக்கி, 64, சுருளின் சராசரி விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும். கிடைப்பது ஒரு ரேடியனுக்கான முறுக்குவிசை.

நான் முதலில் எடுத்தது 1 மி.மீ. கம்பி, 10 மி.மீ. விட்டம், 5 சுற்று. விறைப்பு 62.5 நியூட்டன்-மி.மீ. வந்தது. பொருத்தும்போதே 45 பாகை முன்முறுக்கும், குமிழின் 90 பாகையும் சேர்ந்து 135 பாகையில் 147 நியூட்டன்-மி.மீ.; விரலுக்கு ஏற்ற அளவுதான். ஆனால் கம்பியில் எழும் தகைவை (ஒரு சதுர மி.மீ. பரப்பில் எழும் உள்விசையை) கணக்கிட்டால் (முறுக்குவிசையை 32-ஆல் பெருக்கி, பை (3.14) என்ற எண்ணையும் கம்பி விட்டத்தின் மும்மடியையும் பெருக்கியதால் வகுத்து, வளைவுக்காக 1.08-ஆல் பெருக்கினால்) ஒரு சதுர மி.மீ.க்கு 1,600 நியூட்டனைத் தாண்டியது. அந்தக் கம்பி அறுபடுவதே 2,200 அளவில்தான். சில ஆயிரம் முறை திருப்பியதும் சோர்ந்து முறியக்கூடிய ஸ்பிரிங் அது.

ஆகவே கம்பியை 1.2 மி.மீ. ஆக்கி, விட்டத்தை 12 மி.மீ. ஆகவும் சுற்றை 8 ஆகவும் கூட்டினேன். விறைப்பு 67.5, உச்ச முறுக்குவிசை 159, தகைவு ஏறத்தாழ 1,010. இது கம்பியின் வலிமையில் பாதிக்கும் குறைவு. 30 மி.மீ. குமிழின் விளிம்பில் சுமார் ஒரு கிலோ எடையின் அழுத்தம் தேவைப்படும். ஈரக் கையோடு வருபவர்களும் எளிதாகத் திருப்பலாம்.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த இடத்தில். ஸ்பிரிங்கை எப்போதும் சுருள் இறுகும் திசையில்தான் முறுக்க வேண்டும். இறுகும்போது அதன் விட்டம் சுருங்கும். 135 பாகை என்பது 0.375 சுற்று, 8 சுற்று 8.375 ஆகும்போது 12 மி.மீ. சராசரி விட்டம் 11.46 ஆகிவிடுகிறது. உள்விட்டம் 10.8-இலிருந்து 10.26 மி.மீ.க்கு இறங்கும். தண்டை 10.5 மி.மீ. தடிமனில் கடைந்தால், வெறுமனே பொருத்தும்போது அழகாக உட்காரும்; முறுக்கும்போதோ தண்டைக் கவ்விக்கொண்டு பாய மறுக்கும். தண்டு 9 மி.மீ. போதும். சுருளின் நீளமும் அரை மி.மீ. அளவு கூடும் என்பதால் மேலே 1 மி.மீ. இடம் விடுங்கள்.

45 பாகை முன்முறுக்கு எதற்கு? பாய்ச்சலின் கடைசியில் ஸ்பிரிங்கில் மிஞ்சியிருக்கும் முறுக்குவிசை, 53 நியூட்டன்-மி.மீ., இதனால் வருவதுதான். உராய்வு மொத்தம் 30 என்று வைத்தாலும் சுழலி பல்வரை போய்ச் சேர்ந்துவிடும். முன்முறுக்கு இல்லாவிட்டால் பட்டை தொடுமுனையின் வாயிலில், தொட்டும் தொடாமலும் நின்றுவிடக்கூடும். மின்னோட்டத்தோடு அந்த நிலையில் நிற்கும் சுவிட்ச் தீப்பிடிக்கக்கூடும்.

தொடுமுனைகள்

பட்டை, தொடுமுனையிலிருந்து எடுத்த எடுப்பிலேயே பிரியக் கூடாது. முதல் 10 பாகைவரை, அதாவது 15 மி.மீ. ஆரத்தில் 2.6 மி.மீ. தூரம், அது தொட்டபடியே சறுக்கட்டும். இந்தச் சறுக்கலில் இரண்டு பயன்கள் உண்டு. முனையின் மேல் படிந்த ஆக்சைடு துடைபடுகிறது. சுழலியும் பிரிவதற்கு முன்பே வேகம் பிடித்துவிடுகிறது. 40 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள தட்டும், பட்டையும் கொண்டியும் சேர்ந்து 40 கிராம்-சதுர செ.மீ. நிலைமத் திருப்புத்திறன் (சுழலத் தொடங்குவதற்குக் காட்டும் எதிர்ப்பு) கொண்டிருந்தால், பிரியும் கணத்தில் பட்டையின் முனை நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். அங்கிருந்து 3 மி.மீ. இடைவெளியை அது 1.6 மில்லிநொடியில் கடக்கிறது. கால் சுற்று முழுவதற்கும் ஏறத்தாழ 11 மில்லிநொடிதான். முன்பு பார்த்த 64-ஐ இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிலைத் தொடுமுனை, பட்டையை இருபுறமும் கவ்வும் இரண்டு இலைகளாக இருக்கட்டும். ஒவ்வோர் இலையும் சுமார் 150 கிராம் எடை அளவுக்கு அழுத்தினால் போதும். அதற்கு மேல் போனால் மேலே சொன்ன உராய்வுக் கணக்கு உடைந்துவிடும். இலைகளின் வாயைச் சற்று விரித்துச் சரிவாக்குங்கள். பட்டை வேகமாக வந்து நுழையும்போது அதன் விளிம்பு இடித்துத் துள்ளாது.

நம் ஊருக்கு ஏற்ற பொருள்கள்

அந்தப் பழைய சுவிட்சின் பித்தளைத் தகடு ஏன் வெடித்தது என்பதற்குப் பதில், அது இருந்த இடத்தில் இருக்கிறது. ரப்பர் பால் உறையாமலிருக்க அம்மோனியா ஊற்றுவார்கள். இழுவிசையில் இருக்கும் பித்தளையை அம்மோனியா ஆவி நுண்ணிய பிளவுகளாக வெடிக்கச் செய்யும். தகடு தேயாமலும் வளையாமலும் ஒருநாள் முறிந்துவிடும். இலைகளுக்குப் பாஸ்பர் வெண்கலத்தைப் பயன்படுத்துங்கள். அது இதைப் பெரிதும் தாங்கும். செம்பனை எண்ணெய் ஆலைக்கழிவுக் குளங்களின் பக்கத்தில் வேறு தொல்லை: அங்கெழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளி முனைகளைக் கறுக்க வைக்கும். கறுத்த படலத்தைத் துடைக்க நம் சறுக்கல் உதவும், ஆனால் அடிக்கடி திருப்பப்படும் சுவிட்சில் மட்டுமே.

பல்வளையத்தின் பின்னால் அதிர்ச்சி தாங்க மெத்தை ஒன்று வைத்தால் ஓசையும் தேய்மானமும் குறையும். ரப்பர் விளையும் ஊர் என்பதால் ரப்பரை வைக்கத்தான் கை போகும். வைக்காதீர்கள், கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பாலியூரிதேன் துண்டு நல்லது. கொண்டிக்கும் கேமுக்கும் கிரீஸ் ஒரு துளி. தொடுமுனைக்கு அருகே சிலிக்கோன் கிரீஸ் கூடவே கூடாது, வில்லின் சூட்டில் அது மின்கடத்தாத மணல்போன்ற படிவமாக மாறும். மூடியில் கம்பி நுழையும் துளையை இறுக்கமான வளையத்தால் அடையுங்கள். எறும்பும் பல்லியும் உள்ளே போகச் சிறு சந்தே போதும்.

கொண்டியும் பல்லும் கடினமாக்கிய எஃகாக இருக்க வேண்டும். விடுபடும் கணத்தில் கொண்டியின் மூக்கில் சுமார் 9 நியூட்டன் அழுத்தம் இருக்கும். மூக்கின் முகத்தை 2 அல்லது 3 பாகை உள்நோக்கிச் சரித்து அரம் போடுங்கள். அப்போதுதான் பாரத்தில் தானாக நழுவாது. அந்தக் கூர்விளிம்பு மழுங்கிவிட்டால் சுவிட்ச் 90 பாகைக்கு முன்பே விட்டுவிடும், பாய்ச்சலும் தளர்ந்துவிடும்.

பொருத்திச் சோதித்தல்

முதலில் ஸ்பிரிங் இல்லாமல் எல்லாவற்றையும் பூட்டி, சுழலியை விரலால் சுற்றிப் பாருங்கள். எங்கும் உரசல் இருக்கக் கூடாது. பிறகு ஸ்பிரிங்கை மாட்டி, 45 பாகை முறுக்கி, அது அவிழாதபடி தண்டிலுள்ள முட்டு சுழலியின் பின்பக்கப் படியில் தங்கும்படி வையுங்கள். குமிழை இயன்ற அளவு மெதுவாக, பத்து நொடி எடுத்துத் திருப்புங்கள். ஓசையும் பாய்ச்சலும் வேகமாகத் திருப்பியபோது இருந்ததைப் போலவே இருக்க வேண்டும். சுழலி கொஞ்சமேனும் முன்கூட்டி ஊர்ந்தால் கொண்டியின் மூக்கையும் கேமின் 75 பாகைத் தொடக்கத்தையும் திரும்பப் பாருங்கள்.

அடுத்து, 12 வோல்ட் பேட்டரியும் 55 வாட் கார் விளக்கும் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி, மூடிய சுவிட்சின் இரு முனையங்களுக்கிடையே மீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். சுமார் 4.5 ஆம்பியர் ஓடும்போது 20 மில்லிவோல்ட் காட்டினால் தடை 4.4 மில்லி ஓம், நல்ல நிலை. ஒவ்வொரு முறை மூடும்போதும் எண் தாறுமாறாக மாறினால் இலைகளின் அழுத்தம் சமமாக இல்லை என்று பொருள். இருநூறு முறை திருப்பியபின் மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் மூடியின் உட்புறத்தில் எழுதி வையுங்கள்.