நத்தார் தாத்தாவோட மட்டும் நிக்காம மற்ற குளிர்கால ஆக்களையும் மேடைக்கு கொண்டுவாறது எப்பிடி

டிசம்பர் வந்தா திருகோணமலையில எந்த பங்கிலயும் எந்த பாலர் பாடசாலையிலயும் ஒரு நத்தார் தாத்தா வருவார். சிவப்பு உடுப்பு, பஞ்சுத் தாடி, ஒரு பை ரொபி, கையை ஆட்டிட்டு போயிடுவார். பிள்ளைகளுக்கு நல்ல சந்தோஷம், அதை நான் குறை சொல்லேல்ல. ஆனா அவர் ஆர், ஏன் ராவில வாறார், ஏன் ஒளிச்சு பரிசு குடுக்கிறார் எண்டு ஒரு பிள்ளை கேட்டா சொல்ல பெரியாக்களிட்ட பதில் இருக்கிறேல்ல. அவரைப்போல ஐரோப்பாவில இன்னும் கனபேர் இருக்கினம், கிழவி இருக்கிறா, கொம்பு வச்சவன் இருக்கிறான், பதின்மூண்டு குழப்படிக்காரர் இருக்கினம். எல்லாரையும் சேர்த்து ஒரு முக்கால் மணித்தியால நிகழ்ச்சி வடிவா செய்யலாம், செலவும் பெரிசா இல்லை.

முதல்ல உடுப்பை யோசிக்காதைங்கோ, இருட்டை யோசியுங்கோ. டிசம்பர் 21, 22 பக்கம்தான் வடக்கு பக்க நாடுகளில ஆக நீளமான இரவு, எங்கட ஊரில அது பெரிசா தெரியாது, ஏனெண்டா அண்டைக்கும் எங்களுக்கு பதினொன்றரை மணித்தியாலத்துக்கு மேல பகல் இருக்கு, ஆனா சுவீடன்ட ஸ்டொக்ஹோமில கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம்தான், ஐஸ்லாந்தில அதை விடவும் குறைவு. வெளியில பனி, வயலில ஒண்டும் விளையாது, சேர்த்து வச்ச சாப்பாடு வசந்தம் வரைக்கும் காணுமோ எண்ட பயம். அந்த பயத்துக்குள்ள இருந்த சனம் சொன்ன கதைகள்தான் இதெல்லாம். அதால ஒருத்தர் வெளிச்சம் கொண்டு வாறார், ஒருத்தர் சாப்பாடு, இன்னொருத்தர் வெருட்ட வாறார். நிகழ்ச்சி தொடங்க முதல் மண்டப லைட்டை ஒரு நிமிசம் நிப்பாட்டி இதை ரெண்டு வசனத்தில சொல்லுங்கோ. ரெஜிபோமை உரசி பனி கொட்டுறதை விட இது ஆயிரம் மடங்கு நல்லம்.

அடுத்தது, ஒரு ஆளுக்கு ஒரு சாமான். முழு உடுப்பு தைக்க வேண்டாம். கையில என்ன வச்சிருக்கினம் எண்டதிலதான் அவையின்ட அர்த்தம் முழுக்க இருக்கு, அதை மட்டும் பெரிசா வடிவா செய்து குடுத்தா காணும்.

புனித நிக்கலஸ்தான் முதல் ஆள், அவருக்கு கூட நேரம் குடுங்கோ. நாலாம் நூற்றாண்டில, இப்ப துருக்கியில இருக்கிற மீரா எண்ட ஊரில ஆயரா இருந்தவர். அவரைப் பற்றின கதை எங்கட சனத்துக்கு உடன விளங்கும், ஏனெண்டா அது சீதனக் கதை. ஒரு ஏழைத் தகப்பனுக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளைகள், சீதனம் குடுக்க வழியில்லை, பிள்ளைகளின்ட வாழ்க்கையே நாசமாப் போற நிலை. நிக்கலஸ் ராவில வந்து ஜன்னலால ஒரு பொற்காசு முடிச்சை உள்ளுக்கு எறிஞ்சிட்டு போனார், இப்பிடி மூண்டு தரம். பகலில நேர குடுத்திருக்கலாம், ஆனா வாங்கிற ஆள் ஊருக்கு முன்னால தலை குனியக் கூடாது எண்டுதான் ஒளிச்சு குடுத்தார். தாத்தா ராவில வாறதுக்கு வேர் இதுதான், இதை பிள்ளைகளுக்கு சொல்லாம விடவே கூடாது. ஓவியங்களில அவரின்ட கையில மூண்டு பொன் உருண்டை இருக்கும், ரெனிஸ் பந்தில மஞ்சள் மினுக்குத் தாள் சுத்தினா சரி. இன்னொண்டு, அவர் கடலில போறவையின்ட பாதுகாவலர், புயலுக்குள்ள மாட்டின கப்பலை காப்பாத்தினார் எண்டும் கதை இருக்கு. மீன்பிடிக் குடும்பத்து பிள்ளைகள் இருக்கிற இடமெண்டா அந்த கதையையும் சொல்லுங்கோ. அவரின்ட திருநாள் டிசம்பர் 6. 1087 இல அவரின்ட எலும்புகளை இத்தாலியின்ட பாரி நகருக்கு கொண்டு போனதும் கடலோடிகள்தான்.

ஒல்லாந்தில அவர் சின்டர்கிளாஸ். நவம்பர் நடுப்பகுதியில கப்பலில வந்து இறங்குவார், பிள்ளைகள் சப்பாத்துக்குள்ள அவரின்ட வெள்ளைக் குதிரைக்கு கரட் வைப்பினம், டிசம்பர் 5 ராவு பரிசு. 1795 இல இங்கிலீஷ்காரர் பிடிக்கும் மட்டும் எங்கட கோட்டையில இருந்த அதே ஒல்லாந்தர்தான் எண்டு சொன்னா பெரிய வகுப்பு பிள்ளைகள் நிமிர்ந்து இருப்பினம். ஆனா அவரோட வாற பீட் எண்ட வேலைக்காரனுக்காக பிள்ளைகளின்ட முகத்துக்கு கறுப்பு பூசாதைங்கோ. அது கறுப்பின மனுசரை இழிவுபடுத்திற பழக்கம், அங்கயே பெரிய எதிர்ப்பு வந்து இப்ப கன ஊர்களில புகைக்கூட்டு கரி பட்டமாதிரி ரெண்டு கீறல்தான் போடினம். எங்களுக்கு அந்த கீறலும் தேவையில்லை.

பிறகு நியூயோர்க்கில இந்த ஆயர் தொப்பியை கழட்டி குண்டுத் தாத்தாவா மாறினார். 1823 இல வந்த ஒரு கவிதை எட்டு கலைமானை குடுத்தது, 1863 இல இருந்து தோமஸ் நாஸ்ட் எண்ட ஓவியர் பத்திரிகையில வரைஞ்சு வரைஞ்சு உருவத்தை நிலைக்க வச்சார். கொக்கா கோலாதான் சிவப்பு உடுப்பு போட்டது எண்டு சனம் சொல்லும், அது பிழை, அவையின்ட விளம்பரப் படம் 1931 இல வந்தது, சிவப்பு அதுக்கு முதலே இருந்தது.

வெருட்டிற ஆக்களிட்ட கவனமா இருங்கோ. ஒஸ்ரியா மலைப்பக்கம் டிசம்பர் 5 ராவு கிராம்புஸ் வருவான், கொம்பு, சங்கிலி, கையில குச்சிக் கட்டு. எங்களுக்கு ஈர்க்குக் கட்டு காணும், ஆனா சின்னப் பிள்ளைகளுக்கு கிட்ட அவனை விடவேண்டாம், மேடையில தூர நிண்டா சரி. ஐஸ்லாந்தில இப்பிடி பூதங்களை சொல்லி பிள்ளைகளை வெருட்டக் கூடாதெண்டு 1746 இலயே கட்டளை போட்டவை.

அந்த ஐஸ்லாந்து பதின்மூண்டு பேரும்தான் மேடைக்கு ஆக நல்லவை. டிசம்பர் 12 தொடங்கி ஒரு ராவுக்கு ஒருத்தரா மலையில இருந்து இறங்குவினம், ஒருத்தன் கரண்டி நக்குவான், ஒருத்தன் சட்டி வழிப்பான், ஒருத்தன் கதவை அடிச்சு சாத்துவான், சொசேஜ் களவெடுக்கவும் ஒருத்தன். பார்த்தீங்களெண்டா கனபேர் வாறது சாப்பாட்டுக்குத்தான், பஞ்சத்தில இருந்த சனத்தின்ட கதை அது. வசனம் பேச வெட்கப்படுற பிள்ளைகளை இதில போடுங்கோ, வந்து ஒரு செய்கை செய்திட்டு போனா காணும். அவையோட ஒரு பெரிய பூனையும் இருக்கு, புது உடுப்பு கிடைக்காத ஆளை பிடிச்சு தின்னுமாம். நான் அந்த பூனையை சேர்க்கிறேல்ல, புது உடுப்பு எடுக்க ஏலாத வீட்டுப் பிள்ளையும் அந்த மண்டபத்தில இருக்கும்.

புனித லூசியாவை எங்கட கத்தோலிக்கருக்கு தெரியும், கொழும்பு கொட்டாஞ்சேனை பேராலயம் அவவின்ட பேரில. சிசிலியில வேதசாட்சியா செத்தவ, ஒளிச்சிருந்த கிறிஸ்தவருக்கு சாப்பாடு கொண்டு போகேக்க ரெண்டு கையும் வேணுமெண்டு விளக்கை தலையில வச்சா எண்டு சொல்லுவினம். சுவீடனில டிசம்பர் 13 விடிய முதல் வெள்ளை உடுப்பு, சிவப்பு இடுப்புப் பட்டி, தலையில மெழுகுதிரி முடியோட பிள்ளைகள் பாடிக்கொண்டு வருவினம், எங்கட மார்கழி திருவெம்பாவைக்கு விடிய எழும்பிற ஆக்களுக்கு இந்த அழகு உடன பிடிபடும். முடிக்கு பற்றரி மெழுகுதிரிதான், நெருப்பு வேண்டவே வேண்டாம். மாரி காத்துக்கு கரண்ட் போனாலும் அது எரியும்.

ரஷ்யாவின்ட தாத்தா மொறோசுக்கு ஒரு நீளத் தடி, பக்கத்தில பேத்தி ஸ்நெகுரோச்கா, வாறது வருசப் பிறப்புக்கு. கடைசியா இத்தாலிக் கிழவி பெஃபானா, ஜனவரி 5 ராவு. மூண்டு ராஜாக்கள் வழி கேட்டு, பிறந்த யேசு பாலனை பார்க்க நீயும் வா எண்டு கூப்பிட்டவையாம், அவ வீட்டு வேலை கிடக்கு எண்டு நிண்டிட்டா, பிறகு மனம் கேக்காம வெளிக்கிட்டு இண்டைக்கும் ஒவ்வொரு வீடா தேடித் தேடி பிள்ளைகளுக்கு இனிப்பு வச்சிட்டு போறா. எனக்கு இந்த எல்லாரிலயும் அவவைத்தான் ஆகப் பிடிக்கும். கையில தும்புத்தடி. குழப்படிக்கு அவ குடுக்கிறது கரி, இத்தாலியில அதையே கறுப்பு சீனிக் கட்டியா செய்து விப்பினம், எங்களுக்கு எள்ளுருண்டை இருக்கு.

ஆக்களை திகதி ஒழுங்கில விடுங்கோ, நிக்கலசில தொடங்கி பெஃபானாவில முடிக்க. அவ இறங்கி வந்து எல்லாப் பிள்ளைக்கும் எள்ளுருண்டை குடுக்கட்டும், எள்ளு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் ஆர் எண்டு முதல் கிழமையே தாய்மாரிட்ட கேட்டு அவைக்கு வேற பையில ரொபி போட்டு வையுங்கோ.