பாலஸ்தீன வாக்கெடுப்புச் செய்தியைப் பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும்

“பாலஸ்தீனத்துக்கு ஐ.நா. அங்கீகாரம்” என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டால் உடனே பகிர்ந்துவிடாதீர்கள். அந்தத் தலைப்புக்குள் ஒளிந்திருக்கும் செய்தி மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ஏதோ ஒரு நாடு பாலஸ்தீனத்தைத் தனிநாடாக ஏற்றிருக்கலாம். ஐ.நா.வில் அதன் தகுதி பற்றி வாக்கெடுப்பு நடந்திருக்கலாம். அல்லது யுனெஸ்கோ, இன்டர்போல் போன்ற வேறோர் அமைப்பில் அது சேர்ந்திருக்கலாம். மூன்றுக்கும் வாசல் வேறு, விதி வேறு, விளைவும் வேறு. முதலில் இதைப் பிரித்துக்கொண்டால் பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்தத் தலைப்பே தவறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐ.நா. எந்த நாட்டையும் அங்கீகரிப்பதில்லை. அந்த அதிகாரம் அதற்குக் கிடையாது. நாட்டை அங்கீகரிப்பது இன்னொரு நாடு. உறுப்பினராகச் சேர்ப்பது மட்டும்தான் ஐ.நா.வின் வேலை.

ஐ.நா. வாசல்

வழி ஐ.நா.வின் அடிப்படைச் சட்டமான சாசனத்தின் 4ஆம் பிரிவில் இருக்கிறது. விண்ணப்பம் பொதுச்செயலாளரிடம் போகும். சாசனக் கடமைகளை ஏற்கிறோம் என்ற உறுதிமொழிப் பத்திரமும் அதோடு இருக்க வேண்டும். அவர் அதைப் பாதுகாப்பு அவைக்கு அனுப்புவார். அவை அதைப் புதிய உறுப்பினர் சேர்க்கைக் குழுவிடம் தரும். பாதுகாப்பு அவையின் அதே 15 நாடுகள்தான் இந்தக் குழுவிலும் இருக்கின்றன. குழு அறிக்கை தந்த பிறகு பாதுகாப்பு அவையில் வாக்கெடுப்பு. 15இல் 9 ஆதரவு வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவரும் எதிர்த்து வாக்களித்திருக்கக் கூடாது. இதைத் தாண்டினால்தான் பொதுச்சபை. அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.

பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸ் 2011 செப்டம்பர் 23 அன்று அப்போதைய பொதுச்செயலாளர் பான் கி மூனிடம் கொடுத்த விண்ணப்பம் குழுவிலேயே நின்றுவிட்டது. ஒருமித்த கருத்து இல்லை என்று அந்த நவம்பரில் அறிக்கை வந்தது, வாக்கெடுப்பு வரை போகவில்லை. 2024 ஏப்ரலில் அதே விண்ணப்பத்தை மறுபடி எடுக்கச் சொன்னார்கள். ஏப்ரல் 18 அன்று அல்ஜீரியா கொண்டுவந்த வரைவுத் தீர்மானத்துக்கு 12 நாடுகள் ஆதரவு. பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. அமெரிக்கா எதிர்த்தது, தீர்மானம் விழுந்தது.

பிரிட்டன் நிரந்தர உறுப்பினர்தான், ஆனாலும் அது ஒதுங்கியது வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தடுக்கும் வாக்கு, ஆகாது. எதிர்வாக்கு போட்டால் மட்டுமே வீட்டோ. “அமெரிக்காவும் பிரிட்டனும் தடுத்தன” என்று எழுதினால் அது பிழை.

“பொதுச்சபையில்தான் இவ்வளவு ஆதரவு இருக்கிறதே, அங்கேயே சேர்த்துவிட்டால் என்ன?” என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். சர்வதேச நீதிமன்றம் 1950லேயே அந்த வழியை அடைத்துவிட்டது. பாதுகாப்பு அவையின் பரிந்துரை இல்லாமல் பொதுச்சபை யாரையும் சேர்க்க முடியாது என்பது அன்று அது சொன்ன ஆலோசனைக் கருத்து.

எண்ணைக் கூட்டும் முறை

வாக்குகளைப் படிக்கும்போது மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஆதரவு, எதிர்ப்பு, ஒதுங்கியவை. பிறகு அந்த அமைப்பின் விதி எதை வைத்து மூன்றில் இரண்டு பங்கைக் கணக்கிடுகிறது என்று பாருங்கள். பொதுச்சபையில் “வந்திருந்து வாக்களித்தவர்கள்” என்றால் ஆதரவும் எதிர்ப்பும் மட்டுமே. ஒதுங்கியவர்கள் கணக்கில் வர மாட்டார்கள்.

யுனெஸ்கோவில் 2011 அக்டோபர் 31 அன்று 107 ஆதரவு, 14 எதிர்ப்பு, 52 ஒதுங்கல். சரியான கணக்கு: 107ஐயும் 14ஐயும் கூட்டினால் 121, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு 81 போதும். பாலஸ்தீனம் தாராளமாக வென்றது. ஒதுங்கிய 52ஐயும் சேர்த்தால் மொத்தம் 173 ஆகிவிடும், 116 தேவைப்படும், 107 போதாமல் தோற்றதாகத் தெரியும். அதே வாக்குகள்தான், வகுக்கும் எண்ணை மாற்றினால் முடிவே தலைகீழாகிறது. 2017இல் பெய்ஜிங்கில் இன்டர்போல் வாக்கெடுப்பும் இப்படித்தான்: 75 ஆதரவு, 24 எதிர்ப்பு, 34 ஒதுங்கல். வேண்டியது 66.

எல்லா அமைப்புக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது என்பதற்கு உலக அஞ்சல் ஒன்றியம் சாட்சி. ஐ.நா. உறுப்பினரல்லாத நாடு அதில் சேர, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு போதாது, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2019 வாக்கெடுப்பில் பாலஸ்தீனத்துக்கு 56 ஆதரவு, 7 எதிர்ப்பு மட்டுமே. இருந்தும் தோற்றது. தேவை 128. இங்கே வாக்களிக்காமல் இருந்த ஒவ்வொரு நாடும் எதிர்த்ததற்குச் சமம்.

எந்த வாக்கு எதை மாற்றியது

1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்குப் பார்வையாளர் தகுதி கிடைத்தது. 1988 நவம்பர் 15 அன்று அல்ஜியர்ஸில் தனிநாடு அறிவிக்கப்பட்டது. அந்த டிசம்பரில் ஐ.நா.வில் அந்த இயக்கத்தின் பெயருக்குப் பதில் “பாலஸ்தீனம்” என்ற பெயர் வந்தது. இவை பெயரையும் இடத்தையும் பற்றியவை.

2012 நவம்பர் 29 தீர்மானம் கனமானது. 138 ஆதரவு, 9 எதிர்ப்பு, 41 ஒதுங்கல். “உறுப்பினரல்லாத பார்வையாளர் நாடு” என்ற தகுதி அன்றுதான் வந்தது. அதில் “நாடு” என்ற ஒரு சொல்தான் புதிது. அந்தச் சொல் எங்கே வேலை செய்தது என்று பார்த்தால், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில். 2009இல் பாலஸ்தீனத் தரப்பு கொடுத்த மனுவை, இது நாடா என்று தீர்மானிப்பது தன் வேலை இல்லை என்று அந்த நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகம் 2012 ஏப்ரலில் ஒதுக்கிவிட்டது. நவம்பர் வாக்குக்குப் பின் நிலைமை மாறியது. 2015 ஜனவரி 2 அன்று, அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் ஒப்பந்தத்தில் சேரும் பத்திரத்தை ஐ.நா. பொதுச்செயலாளரிடம் ஒப்படைத்தார்கள், ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அறுபது நாள் கழிந்து அடுத்து வரும் மாதத்தின் முதல் நாள் என்பது அந்த ஒப்பந்தத்தின் விதி. இதற்கு வாக்கெடுப்பே கிடையாது. 2021 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம், காசா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம் மூன்றும் தன் விசாரணை எல்லைக்குள் வரும் என்று சொன்னது. பொதுவான சர்வதேசச் சட்டப்படி பாலஸ்தீனம் நாடா என்பதைத் தான் தீர்மானிக்கவில்லை என்றும் அதே உத்தரவில் சொன்னது. இரண்டாவது வரியை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிகைப்படுத்திய தலைப்பை நம்பி மகிழ்ந்தவர், மறுநாள் சோதனைச் சாவடியில் ஒன்றும் மாறவில்லை என்று கண்டதும், இந்த வாக்குகளே வெறும் சடங்கு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அதுவும் தவறு. ஒரு வாக்கு எந்தக் கதவைத் திறந்தது, எதைத் திறக்கவில்லை என்று துல்லியமாகச் சொன்னால்தான் அங்கே வாழும் மக்களின் நிலையைப் பற்றி உண்மையாகப் பேச முடியும்.

2024 மே 10 தீர்மானத்தில்தான் அதிகக் குழப்பம் வந்தது. 143 ஆதரவு, 9 எதிர்ப்பு, 25 ஒதுங்கல். பல இடங்களில் “பாலஸ்தீனம் ஐ.நா. உறுப்பினரானது” என்று செய்தி ஓடியது. ஆகவில்லை. பாலஸ்தீனத்துக்கு உறுப்பினராகும் தகுதி இருக்கிறது என்று பொதுச்சபை சொன்னது, பாதுகாப்பு அவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது, சில உரிமைகளைக் கூடுதலாகத் தந்தது. தீர்மானங்களையும் திருத்தங்களையும் முன்மொழியலாம், குழுக்களில் பொறுப்பு வகிக்கலாம், அகரவரிசையில் மற்ற நாடுகளோடு உட்காரலாம். வாக்களிக்க முடியாது. பாதுகாப்பு அவை போன்ற உறுப்புகளுக்குத் தேர்தலில் நிற்கவும் முடியாது.

அந்த இருக்கை 2024 செப்டம்பர் 10 அன்று வந்தது. ஆங்கில அகரவரிசையில் “ஸ்டேட் ஆஃப் பாலஸ்தீன்” என்ற முழுப்பெயரின் முதல் எழுத்தை எடுத்ததால், பெயர்ப்பலகை இலங்கைக்கும் சூடானுக்கும் நடுவில் வைக்கப்பட்டது. படத்தில் இலங்கையின் பலகைக்குப் பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு “உறுப்பினர் இருக்கை” என்று எழுதாதீர்கள். இடம் கிடைத்திருக்கிறது, வாக்கு கிடைக்கவில்லை.

நாடுகளின் அங்கீகாரம்

இது ஒரு அரசு இன்னொன்றைப் பற்றி எடுக்கும் முடிவு. ஐ.நா.வில் ஒரு நாடு எப்படி வாக்களித்தது என்பதிலிருந்து இதை ஊகிக்கக் கூடாது. 2024 ஏப்ரலில் பிரான்ஸ் பாதுகாப்பு அவையில் ஆதரித்து வாக்களித்தது, ஆனால் அங்கீகரித்தது 2025 செப்டம்பர் 22 அன்றுதான். சிங்கப்பூர் 2024 மே தீர்மானத்தை ஆதரித்தது, அங்கீகாரம் தராமலேயே. மறுபுறம் ஹங்கேரி 1988இலும் அர்ஜென்டினா 2010இலும் அங்கீகரித்த நாடுகள், அதே மே தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தன. ஆட்சி மாறும், வாக்கு மாறும், பழைய அங்கீகாரம் ஏட்டில் அப்படியே இருக்கும். இந்தியா 1988 நவம்பரில் அங்கீகரித்தது, 2011, 2012, 2024 வாக்கெடுப்புகளிலும் ஆதரவாகவே நின்றது.

மொத்த எண்ணிக்கையை எழுதும்போது தேதியைச் சேர்த்தே எழுதுங்கள். 2025 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல் அறிவித்தன, அடுத்த சில நாளில் இன்னும் சில. 193இல் 157 என்பது அந்த மாத இறுதியில் பரவலாகப் புழங்கிய எண். பட்டியலுக்குப் பட்டியல் ஒன்றிரண்டு கூடும், குறையும். பெல்ஜியம் அங்கீகாரத்தை அறிவித்துவிட்டு, பணயக் கைதிகள் விடுதலையையும் ஹமாஸ் ஆட்சியிலிருந்து விலகுவதையும் சட்டப்படியான கடைசிப் படிக்கு நிபந்தனையாக வைத்தது. அதை எண்ணுபவரும் உண்டு, எண்ணாதவரும் உண்டு. “அங்கீகரித்தது”, “அங்கீகரிக்கும்”, “நிபந்தனையோடு அங்கீகரிக்கும்” மூன்றும் வேறுவேறு வினைகள். மொழிபெயர்ப்பில் இவை கலந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

யுனெஸ்கோவும் அமெரிக்கப் பணமும்

மற்ற அமைப்புகளில் பாலஸ்தீனம் ஏன் மெதுவாகவே நகர்கிறது என்ற கேள்விக்கு விடை 1990, 1994 ஆண்டுகளின் அமெரிக்கச் சட்டங்களில் இருக்கிறது. பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்கு உறுப்பு நாடுகளுக்குச் சமமான தகுதி தரும் ஐ.நா. அமைப்புக்குப் பணம் தரக் கூடாது என்கிறது முதல் சட்டம். நாட்டுக்குரிய அடையாளங்கள் இல்லாத ஓர் அமைப்பையோ குழுவையோ நாடு என்ற முழு உறுப்பினராகச் சேர்க்கும் ஐ.நா. சார்ந்த அமைப்புக்கும் தரக் கூடாது என்கிறது இரண்டாவது. யுனெஸ்கோ வாக்கெடுப்பு முடிந்த உடனேயே அமெரிக்கா பணத்தை நிறுத்தியது. அப்போது யுனெஸ்கோ நிதியில் 22 விழுக்காடு அதன் பங்கு. நிலுவை சேர்ந்ததால் 2013இல் அமெரிக்காவே தன் வாக்குரிமையை இழந்தது. அதனால்தான் இப்படிப்பட்ட செய்தி வந்தால் “வென்றதா” என்பதோடு “அந்த அமைப்பின் பணம் என்னாகும்” என்றும் கேட்க வேண்டும்.

விவாத மேடைக்கு

நாடு என்பதற்கு 1933 மான்டெவிடியோ ஒப்பந்தம் நான்கு அடையாளங்கள் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசு, பிற நாடுகளோடு உறவாடும் திறன். எதிர்த்துப் பேசுவோர் பெரும்பாலும் எல்லையில் தொடங்குவார்கள். அது அவர்களுடைய பலவீனமான வாதம். இஸ்ரேல் 1949 மே 11 அன்று ஐ.நா.வில் சேர்ந்தபோது அதன் எல்லைகளும் தீர்ந்திருக்கவில்லை, சிரியாவோடு போர்நிறுத்த ஒப்பந்தமே அந்த ஜூலையில்தான் கையெழுத்தானது.

அரசு பற்றிய வாதம் வலுவானது. 2007 முதல் காசா ஹமாஸ் கையில் இருந்ததால் ஒரே அரசின் கட்டுப்பாடு இல்லை என்று 2011 குழுவில் சொல்லப்பட்டது. ஆதரித்தவர்கள், பாலஸ்தீன நிர்வாகம் ஒரு நாட்டை நடத்தப் போதுமான அளவுக்கு வளர்ந்துவிட்டதாக உலக வங்கியும் சர்வதேச நிதியமும் சொன்னதைக் காட்டினார்கள். ஆக்கிரமிப்பே கட்டுப்பாட்டைத் தடுக்கும்போது அதையே குறையாகச் சொல்லக் கூடாது என்றும் வாதிட்டார்கள். இரண்டு பக்கமும் தயாராகிப் போங்கள்.

“நேரடிப் பேச்சுவார்த்தையில்தான் நாடு பிறக்க வேண்டும்” என்பது அமெரிக்க வாதம். 4ஆம் பிரிவில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை, பிரிவில் இல்லாததைக் கூடுதலாகச் சேர்க்க முடியாது என்று 1948இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இருக்கும் நிபந்தனைகளோடு நல்லெண்ணத்துடன் தொடர்புபடுத்தக்கூடிய எதையும் பரிசீலிக்கலாம் என்றும் அதே கருத்தில் இருக்கிறது. எதிரணி அதைப் பிடித்துக்கொள்ளும். 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்குப் பிறகு அங்கீகாரம் தருவது பயங்கரவாதத்துக்குப் பரிசு என்பது இஸ்ரேலின் வாதம். ஐ.நா.வில் பாலஸ்தீனத்தின் பெயரில் இருப்பது விடுதலை இயக்கத்தின் தரப்பு, ஹமாஸ் அந்த இயக்கத்தில் உறுப்பு இல்லை என்பது ஆதரவாளர்களின் பதில்.

அதனால் பெயர்களில் கவனம் வையுங்கள். பாலஸ்தீன விடுதலை இயக்கம் வேறு. இஸ்ரேலோடு செய்துகொண்ட ஆஸ்லோ உடன்பாட்டின்படி 1994இல் வந்த பாலஸ்தீன ஆணையம் வேறு. ஹமாஸ் வேறு. தி ஹேக் நகரில் இருக்கும் இரண்டு நீதிமன்றங்களும் வேறுவேறு: சர்வதேச நீதிமன்றம் நாடுகளின் வழக்கைப் பார்க்கும், ஆலோசனைக் கருத்துத் தரும். குற்றவியல் நீதிமன்றம் தனி ஆட்களை விசாரிக்கும்.

மே 10 செய்தியை எழுதியிருக்க வேண்டிய விதம் இது: “பாலஸ்தீனம் ஐ.நா. உறுப்பினராகத் தகுதி பெற்றது என்று பொதுச்சபை 143-9 வாக்கில் சொன்னது, 25 நாடுகள் ஒதுங்கின. கூடுதல் உரிமைகள் செப்டம்பர் முதல் கிடைக்கும், வாக்குரிமை இல்லை. உறுப்பினராவதற்குப் பாதுகாப்பு அவையின் பரிந்துரை இன்னும் தேவை.”