நடு உறுப்பைப் பிரித்து இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவது எப்படி?

இருபடிக் கோவை ஒன்றைக் கண்டதும் பொருத்தமான இரண்டு எண்களைத் தேடத் தொடங்கும் முன், எல்லா உறுப்புகளுக்கும் பொதுக் காரணி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மாறியை ‘ம’ எனக் குறித்து, 12ம² + 2ம − 30 என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். மூன்று உறுப்புகளும் 2ஆல் வகுபடுவதால், 2(6ம² + ம − 15) என எழுதலாம். இதைச் செய்யாவிட்டாலும் விடை கிடைக்கும். ஆனால் பெரிய எண்களின் நடுவே வீணாக அலைய நேரும்.

அடைப்புக்குள் முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்கினால் −90 வருகிறது. பெருக்கற்பலன் −90ஆகவும், கூடுதல் நடுக் கெழுவான 1ஆகவும் அமையும் இரண்டு எண்கள் நமக்கு வேண்டும். பெருக்கற்பலன் குறை எண் என்பதால் ஒன்று மிகை எண், மற்றது குறை எண். எனவே 90இன் காரணி இணைகளில் வித்தியாசம் 1 உள்ளதைத் தேடினால் போதும். 5, 18 பொருந்தாது; 6, 15 பொருந்தாது; 9, 10 பொருந்தும். கூடுதல் மிகை எண்ணாதலால் பெரியதற்கே மிகைக் குறி: 10, −9.

இனி நடு உறுப்பைப் பிரித்து, இரண்டிரண்டாகச் சேர்க்கிறோம்.

6ம² + 10ம − 9ம − 15
= 2ம(3ம + 5) − 3(3ம + 5)
= (3ம + 5)(2ம − 3)

மாணவர்கள் பெரிதும் தடுமாறுவது இரண்டாம் வரியில்தான். −9ம − 15இலிருந்து −3ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே இருக்கும் 5இன் குறி மிகையாக மாறுவதைக் கவனிக்காமல் (3ம − 5) என எழுதிவிட்டால், இரு அடைப்புகளும் ஒத்துப்போகாமல் கணக்கு அங்கேயே நின்றுவிடும். அடைப்புகள் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் குறியைச் சரிபாருங்கள். தொடக்கத்தில் எடுத்த 2ஐயும் சேர்த்தால் முழு விடை 2(3ம + 5)(2ம − 3) ஆகும்.

முதல் கெழுவையும் மாறிலியையும் ஏன் பெருக்கினோம் என்பதை, விடையை விரித்துப் பார்த்தால் அறியலாம். நடு உறுப்பை உண்டாக்கும் எண்கள் 3 × (−3) = −9, 5 × 2 = 10 ஆகியவை; அவற்றின் பெருக்கற்பலனிலுள்ள நான்கு எண்களையும் இடம் மாற்றி அடுக்கினால் (3 × 2) × (5 × (−3)), அதாவது 6 × (−15) என்றே வரும். காரணம் புரிந்துவிட்டால் இந்த முறையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

எண்கள் எளிதில் பிடிபடாதபோது தன்மைகாட்டி கைகொடுக்கும். நடுக் கெழுவின் வர்க்கத்திலிருந்து −90இன் நான்கு மடங்கைக் கழித்தால் 1 + 360 = 361; இது 19இன் வர்க்கம். குறிகளையும் சேர்த்துப் பார்த்தால், நாம் தேடும் எண்களின் வித்தியாசமே இந்த 19. கூடுதல் 1, வித்தியாசம் 19 என்றால் பெரிய எண் 20இல் பாதியான 10, மற்றது −9. காரணி இணைகளை வரிசையாகச் சோதிக்க வேண்டியதே இல்லை. மாறாக, 6ம² + ம − 14இல் இதே கணக்கு 337 தருகிறது. அது முழு வர்க்கமல்ல என்பதால், இக்கோவைக்கு முழு எண் கெழுக்கள் கொண்ட காரணிகள் கிடையாது. தேடலைத் தொடங்காமலே விட்டுவிடலாம்.