பன்றிக்குப் பறவைக் காய்ச்சல் பிடிக்குமா? சோதனையில் செய்யக்கூடாத தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த இருவர் போன மாதம் தங்கள் சோதனைத் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். பன்றிகளின் மூக்கில் பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1-ஐ விட்டு, அது பிடிக்கிறதா, கூட இருக்கும் பன்றிக்குத் தொற்றுகிறதா என்று பார்க்கும் வேலை. மூன்றாம் பக்கத்தில் என் பழைய தவறு அப்படியே இருந்தது. கவச உடை, குழாயில் பெயர் ஒட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பயிற்சியிலேயே சரியாகிவிடும்.

பழைய சளியை விசாரிக்காமல் பன்றி வாங்குவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எட்டு வார வயதுக் குட்டிகள் பன்னிரண்டு வாங்கினோம். சில வாரங்களுக்கு முன் லேசாக இருமின, இப்போது சரியாகிவிட்டது என்று பண்ணைக்காரர் போகிறபோக்கில் சொன்னார். நாங்கள் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ரத்தத்தில் எச்5-க்கு (வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம்) எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் மட்டும் பார்த்தோம். எல்லாம் நெகட்டிவ். பன்றிக்கு எச்5 புதிதுதானே, இது போதும் என்று நினைத்தோம்.

வைரஸ் கொடுத்தோம். தினமும் ஒருவர் குட்டியை மடியில் இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் மூக்கில் ஸ்வாப் விட்டுச் சளி எடுத்தோம். அது போடும் கத்தல் காதடைப்பானைத் தாண்டி வரும். இரண்டு பன்றிகளில் மட்டும் கொஞ்சம் வைரஸ், அதுவும் மூன்றாம் நாளே மறைந்தது. பன்றிக்கு இது எளிதில் பிடிக்காது என்று அறிக்கை எழுத உட்கார்ந்தோம்.

ஏதோ உறுத்தலில், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரிலிருந்து முதல் நாள் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்) எடுத்து, எச்5என்1 உட்பட எல்லா இன்ஃப்ளூயன்சா ஏ வகைக்கும் பொதுவான என்பி என்ற உள்புரதத்துக்கான போட்டி எலிசா என்ற எதிர்ப்பொருள் சோதனை போட்டேன். இதில் எதிர்ப்பொருள் இருந்தால் நிறம் வராது. சோதனைத் தட்டில் ஒன்பது குட்டிகளின் குழிகள் வெளிறியே கிடந்தன. பண்ணையில் வந்துபோன இருமல் பன்றிக் காய்ச்சல்தான்.

2009-இல் உலகைச் சுற்றிய பன்றிக் காய்ச்சலான எச்1என்1-இன் என்1 என்ற மேற்பரப்புப் புரதம் பறவை வழியில் பன்றிக்கு வந்தது. எச்5என்1-இன் என்1-க்கு உறவு. ஒன்றுக்கு உருவான எதிர்ப்பு மற்றதையும் ஓரளவு தடுக்கும். நாங்கள் அளந்தது பன்றி இனத்தின் தாங்கும் திறனையா, அந்தக் குட்டிகளின் பழைய நோயையா என்று பிரிக்கவே வழியில்லை. உயர் பாதுகாப்புக் கூடத்துக்குள் போன பன்றி உயிரோடு வெளியே வராது. பன்னிரண்டு உயிர்கள் வீணாகப் போயின.

பிடிக்காது என்ற தப்பான பதில்தான் இங்கே ஆபத்து. பறவை வைரஸ் செல்லில் ஒட்டும் இடமான ஏற்பியும் மனித வைரஸ் ஒட்டும் ஏற்பியும் பன்றியின் சுவாசப் பாதையில் உண்டு. இரண்டு வைரஸ்களும் அதற்குள் கலந்து புது வைரஸ் ஆகலாம். அதனால் வாங்கும் முன்பே பண்ணையில் என்பி எலிசா, பன்றிகளில் சுற்றும் எச்1, எச்3 வகைகளுக்கான எச்ஐ டெஸ்ட் (இதுவும் எதிர்ப்பொருள் சோதனைதான்) என மூன்றையும் போடுங்கள். தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்பொருளும் சில வாரம் நிற்கும். வந்திறங்கியதும் இன்னொரு முறை பாருங்கள்.

பிசிஆர் (வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் சோதனை) பாசிட்டிவ் என்றதும் பரவியது என்று எழுதுவது

நோயுற்ற பன்றி நக்கிய தொட்டியைக் கூட இருக்கும் பன்றி முகர்ந்தாலே அதன் மூக்கில் ஆர்என்ஏ, அதாவது வைரஸின் மரபுப் பொருள், கிடைக்கும். பரவியது என்று சொல்ல அது போதாது. கரு வளரும் கோழி முட்டையிலோ எம்டிசிகே என்ற ஆய்வகச் செல்லிலோ உயிருள்ள வைரஸ் வளர வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் அளவு ஏற வேண்டும். மூன்று வாரத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரிய வேண்டும். 2024 அக்டோபரில் அமெரிக்காவின் ஓரிகானில், கோழிகளோடு ஒரே தண்ணீரைக் குடித்து வளர்ந்த பன்றிகளிடம் எச்5என்1 கிடைத்தது. அந்நாட்டுப் பன்றிகளில் அதுவே முதல்முறை. நோய் அறிகுறி எதுவும் இல்லை. அங்கேயும் எழுந்த கேள்வி இதுதான்: உள்ளே வளர்ந்ததா, மூக்கில் ஒட்டியதா?

தொற்றுகிறதா என்று பார்க்கக் கூடப் போடும் பன்றியை முதல் நாளே விடுவது

மூக்கில் விட்ட வைரஸ் கரைசலே வழிந்து அதன்மேல் ஒட்டும். ஒரு நாளாவது பொறுங்கள்.

ஒரே வைரஸை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

வாத்திடம் எடுத்ததும் பாலூட்டியிடம் எடுத்ததும் ஒன்றல்ல. வைரஸ் பெருக உதவும் பிபி2 புரதத்தின் 627-ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் வந்துவிட்டால் பாலூட்டி உடலில் அது வளரும் வேகமே வேறு. சோதனைக்கு முன் வைரஸின் மரபு வரிசையில் அந்த இடத்தைப் படித்துவிடுங்கள். முடிந்தபின் பன்றியிடமிருந்து திரும்ப எடுத்த வைரஸிலும் படியுங்கள்.

வைரஸைத் தேடுவதை மூக்கோடு நிறுத்துவது

முடிவில் நுரையீரலின் அடிமடலையும் (கடைசிப் பகுதி) வெட்டிப் பாருங்கள்.