உங்கள் காற்பந்து கிளப்பின் வரலாற்றை எழுதுவது எப்படி

பகலில் வேலை, சாயங்காலம் பயிற்சி, வார இறுதியில் லீக் ஆட்டம், கையில் கொஞ்சம் படிக்காசு. இப்படி ஓடிய காற்பந்து கிளப்புகள் சிங்கப்பூரில் எத்தனையோ. 1996இல் எஸ்.லீக் என்ற தொழில்முறைப் போட்டி தொடங்கும்வரை உள்ளூர்க் காற்பந்து அவற்றின் தோளில்தான் நின்றது. அப்படியிருந்தும் பல கிளப்புகளுக்கு ஒரு பக்க வரலாறுகூடக் கிடையாது. உங்கள் அப்பாவோ மாமாவோ அதில் ஒன்றில் ஆடியிருந்தால் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள், வேறு யாரும் வந்து எழுதித் தரப்போவதில்லை.

எழுத நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் நூலகத்துக்கு ஓடுகிறார்கள். அதைத் தள்ளிப் போடலாம். தேசியக் காற்பந்து லீக் தொடங்கிய 1975இல் 25 வயதில் ஆடியவருக்கு இப்போது 75 வயதுக்கு மேல் ஆகிவிட்டது, அவரைத்தான் இந்த மாதமே போய்ப் பார்க்க வேண்டும். பழைய செய்தித்தாள் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும்.

போகும்போது "அங்கிள், உங்க கிளப் வரலாறு சொல்லுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் எங்கெங்கோ சொல்லிச் சொல்லித் தேய்ந்த இரண்டு கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். வேலை எத்தனை மணிக்கு முடியும், திடலுக்கு எந்த பஸ், பூட்ஸ் யார் காசில் வாங்கினது, ஜெர்சியை யார் துவைத்தார்கள், ஷிஃப்ட் மாற்ற ஃபோர்மேன் சம்மதித்தாரா, அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் போனால் சம்பளத்தை யார் கொடுத்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்களின் அரைத்தொழில் கிளப் ஒன்றின் உண்மையான வரலாறு இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. கோல் கணக்கு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், ஜெர்சியைத் துவைத்தவர் பெயர் அங்கிள் வாயிலிருந்து மட்டும்தான் வரும். கோப்பிக்கடையில் சத்தம் அதிகம், கைப்பேசியில் பதிவு சரியாக விழாது, அதனால் வீட்டிலோ அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே ஆள் குறைவான நேரத்திலோ உட்காருங்கள். பதிவு செய்யப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

வருடம் கேட்டால் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. ஊரே அறிந்த ஒரு சம்பவத்தைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் வந்துவிடும். காலாங் தேசிய விளையாட்டரங்கம் திறந்தது 1973. மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் பினாங்கை 3-2 என்று வென்றது 1977, சிலாங்கூரை 2-1 என்று வென்றது 1980. "அதற்கு முன்னாலா பின்னாலா, தேசிய சேவை முடிந்த பிறகா, கல்யாணத்துக்கு முன்பா" என்று கேட்டுக்கொண்டே போனால் ஒன்றிரண்டு வருடத்துக்குள் வந்து நிற்பீர்கள். மீதியைச் செய்தித்தாள் பார்த்துக்கொள்ளும்.

பட்டப்பெயர் வந்தால் அங்கேயே நிறுத்தி முழுப்பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேசியக் குழுவில் வாழைப்பழம் மாதிரி பந்தை வளைத்து அடித்த எஸ்.ராஜகோபாலை ரசிகர்கள் 'கேமல்' என்றுதான் அழைத்தார்கள், டோல்லா காசிமை 'கெலெக் ராஜா', அதாவது எதிராளியை ஏமாற்றிப் பந்தைக் கடத்துவதில் ராஜா என்றார்கள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களுக்கே அப்படி என்றால் உங்கள் கிளப்பில் பாதிப்பேர் பட்டப்பெயரோடு மட்டும்தான் நினைவில் இருப்பார்கள். செய்தித்தாளிலோ தலைப்பெழுத்தும் பெயரும்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளாவிட்டால் ஒரே ஆள் உங்கள் புத்தகத்தில் இரண்டு ஆளாகிவிடுவார்.

அடுத்து கிளப்பின் பெயர். ஒரு தாளில் கோடு போட்டு, எந்த வருடம் என்ன பெயர் என்று எழுதுங்கள். இங்கே கிளப்புகள் பெயர் மாற்றியதும் இணைந்ததும் கொஞ்சநஞ்சமல்ல. 1996இல் முதல் எஸ்.லீக் பட்டத்தை வென்றது கேலாங் யுனைடெட், இன்று அது கேலாங் இண்டர்நேஷனல். போலிஸ் குழு 1997இல் ஹோம் யுனைடெட் ஆனது, 2020இல் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனது. ஹவ்காங் யுனைடெட்டின் வேரைத் தேடினால் செங்காங் பொங்கோல், செங்காங் மரின், மரின் காசல் என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கும். பாலஸ்டியர் சென்ட்ரலும் கிளமெண்டி கல்சாவும் சேர்ந்துதான் பாலஸ்டியர் கல்சா. இந்தக் கோடு சரியாக இல்லாவிட்டால் தப்பான கிளப்பின் வெற்றியை உங்கள் கிளப் கணக்கில் எழுதிவிடுவீர்கள். 'தொடங்கிய வருடம்' என்பதிலும் கவனம் வேண்டும். நண்பர்கள் திடலில் சேர்ந்து ஆட ஆரம்பித்தது ஒரு வருடம், சங்கமாகப் பதிவு செய்தது இன்னொரு வருடம், லீக்கில் நுழைந்தது வேறொரு வருடம். மூன்றையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள், சண்டையே வராது.

சரி, இப்போது செய்தித்தாள். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய இதழ்கள் மின்வடிவில் கிடைக்கின்றன. சிலவற்றை நூலகத்துக்குள் இருக்கும் கணினியில் மட்டும்தான் திறக்க முடியும், அதற்கு நேரில் போக வேண்டியிருக்கும். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸோடு நிறுத்திவிடாதீர்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசையும் 1957இல் தொடங்கிய மலாய் நாளிதழ் பெரித்தா ஹரியானையும் பாருங்கள், ஆங்கிலத் தாள் ஒரு வரியில் முடித்த ஆட்டத்துக்கு அங்கே கூடுதலாக ஏதாவது இருக்கலாம். மலாய் தெரியாவிட்டால் அந்தக் கிளப்பில் ஆடிய மலாய் நண்பரையே துணைக்குக் கூப்பிடுங்கள், படிக்கப் படிக்க அவருக்கும் பழைய கதை ஒவ்வொன்றாக வெளியே வரும். நம் பெயர்களை ஆங்கிலத் தாள்கள் நினைத்தபடி எழுதியிருக்கின்றன. தேசியக் குழுவில் ஆடிய வி.சுந்தரமூர்த்தி பெயரே சேர்த்து ஒரு விதம், பிரித்து ஒரு விதம் என்று வந்திருக்கிறது. ஆகவே எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள், அப்படியும் கிடைக்காவிட்டால் ஆட்டம் நடந்த தேதிக்கு மறுநாள் தாளைத் திறந்து விளையாட்டுப் பக்கத்தைக் கண்ணால் படியுங்கள்.

படங்கள் கிடைத்தால் அவசரப்பட்டுத் திருப்பித் தராதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். பழைய குழுப் படங்களில் முன்வரிசைக்காரர் கால்களுக்கு நடுவே ஒரு பந்து இருக்கும், அதில் வெள்ளை எழுத்தில் வருடமோ போட்டியின் பெயரோ எழுதியிருப்பார்கள். பின்னால் தெரியும் பார்வையாளர் மாடம் ஜாலான் புசார் விளையாட்டரங்கமா, வெறும் மரமும் சாலையுமாகத் தெரிந்தால் ஃபேரர் பார்க் திடலா என்று ஆடியவரிடமே காட்டிக் கேளுங்கள். படத்தின் பின்பக்கத்தைக் கட்டாயம் திருப்பிப் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். பெயர்களை இடமிருந்து வலமாக, நிற்பவர் உட்கார்ந்திருப்பவர் என்று தனித்தாளில் எழுதுங்கள், படத்தின் மீது பேனா படவே கூடாது. ஓரத்தில் பை தூக்கி நிற்பவரையும் விட்டுவிடாதீர்கள்.

காசு விஷயம் வரும்போது கவனம். யார் யாருக்குப் பாக்கி வைத்தார், எந்தச் செயலாளர் காலத்தில் கணக்கு உதைத்தது என்றெல்லாம் கோபத்தோடு சொல்வார்கள். கூட்டக் குறிப்போ ரசீதோ கையில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆட்டக்காரர்களுக்குப் பணம் வந்து சேராத காலம் ஒன்று இருந்தது என்று மட்டும் எழுதி, பெயரை விட்டுவிடுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் அவரவர் பெயரோடு போடலாம், தீர்ப்பு சொல்ல வேண்டிய அவசியமில்லை.

எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்புவதற்கு முன் பேட்டி கொடுத்தவர்களிடம் அவரவர் பகுதியை வாசித்துக் காட்டுங்கள், அப்போது இன்னும் நாலு பெயர் வரும். புத்தகமாகப் போட்டால் வெளியான நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்துக்கு இரண்டு பிரதி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆடியவர்கள் வீட்டுக்கு அதற்கும் முன்னால் ஆளுக்கு ஒன்று போய்விட வேண்டும், தபாலில் வேண்டாம், நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.