ஆப்ட், டிஎன்எஃப், பேக்மேன்: எது எங்கே மாறுபடுகிறது?

லினக்ஸ் வகைகளில் மென்பொருளை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் கட்டளைக் கருவிகள் இவை: டெபியன், உபுண்டுவில் ஆப்ட், ஃபெடோராவில் டிஎன்எஃப், ஆர்ச் லினக்ஸில் பேக்மேன். மென்பொருளை அதன் சார்புப் பொதிகளோடு (அது இயங்கத் தேவையான மற்ற மென்பொருள் தொகுப்புகளோடு) நிறுவுவதில் மூன்றும் ஒன்றுதான். அப்டேட் செய்யும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஆப்டில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' பொதிப் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும் ('சூடோ' என்றால் நிர்வாகி உரிமையோடு இயக்குவது). புதிய பதிப்புகளை நிறுவுவது 'சூடோ ஆப்ட் அப்கிரேட்'. முதலாவதை விட்டுவிட்டால், சர்வரில் இப்போது இல்லாத பழைய கோப்பைத் தேடிப்போய் 404 பிழை வரலாம். டிஎன்எஃப்பில் இந்தத் தொல்லை இல்லை. பட்டியல் காலாவதியானால் தானே இறக்கிக்கொள்ளும்.

பேக்மேனில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அப்டேட் செய்ய, பேக்மேன் கட்டளையில் ஒரு கோடு (-) போட்டு பெரிய எஸ், சிறிய ஒய் (பட்டியலைப் புதுப்பிக்க), சிறிய யு (எல்லாவற்றையும் மேம்படுத்த) மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். யு-வை விட்டுவிட்டு ஒரே ஒரு மென்பொருளை நிறுவினால், அது கேட்கும் புதிய லைப்ரரி (பல புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கோப்பு) உள்ளே வரும்; பழைய லைப்ரரியை நம்பியிருக்கும் மற்ற புரோகிராம்கள் திறக்காமல் போகும். அரைகுறை அப்டேட்டை ஆர்ச் ஆதரிப்பதே இல்லை.

ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல்கள் மோதாமலிருக்க ஆப்ட் ஒரு பூட்டுக் கோப்பை வைத்திருக்கும். அது 'பூட்டு கிடைக்கவில்லை' என்றால் பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். பூட்டுக் கோப்பை அழிக்கவே அழிக்காதீர்கள், பொதித் தரவுத்தளம் கெடும். முடியும்வரை பொறுங்கள். நடுவில் மின்சாரம் போய் நிறுவல் நின்றிருந்தால், முதலில் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', பிறகு 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'.

செய்ததைத் திரும்பப் பெறுவதில் டிஎன்எஃப்தான் கெட்டி. 'டிஎன்எஃப் ஹிஸ்டரி லிஸ்ட்' ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண் காட்டும். அது 27 என்றால் 'சூடோ டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ 27'. பழைய பதிப்பு களஞ்சியத்தில் (பொதிகளை வைத்திருக்கும் சர்வரில்) இன்னும் இருந்தால்தான் இது பலிக்கும்.